பாலத்துக் காற்று

அம்மா,

காலும் பிடித்துக்கொள்ளவில்லை, சங்கிலியும் கழலவில்லை. அணித் தேர்வுப் பந்தயத்தில் நான் கடைசியாக வந்ததற்குக் காரணம் வேறு.

ஆண்களோடு சாலையில் சைக்கிள் பந்தயம் ஓட்டிய முதல் பெண் நீ. காற்றுக்கு ஒதுங்க ஒருவரும் தன் சக்கரத்துக்குப் பின்னால் உனக்கு இடம் தரவில்லை. "பின்னாடி ஒட்டாதேம்மா, போய் அடுப்பப் பாரு" என்றார்களாம். "காத்து ஓசிதானே, மொத்தத்தையும் நானே வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பாய். நானும் கூடவே சிரித்திருக்கிறேன்.

இன்று முந்துவதற்காகப் பாலத்தில் மற்ற பெண்களின் கூட்டத்தையும் அது தந்த காற்று மறைவையும் விட்டு விலகினேன். எதிர்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. பாலம் முடிவதற்குள் எனக்கு மூச்சு முட்டி, கூட்டம் என்னைக் கடந்து போய்விட்டது. நீ இதே காற்றில் நாள் முழுக்க ஓட்டியிருக்கிறாய். வருடக்கணக்கில். ஜெயித்தும் இருக்கிறாய்.

நீ யார், அம்மா?

திரும்பிப் பார்த்தேன். ஒரு பெண் தனியாகத் திணறி வந்துகொண்டிருந்தாள். எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தது கூட்டம்.

வேகத்தைக் குறைத்தேன். "பின்னாடி ஒட்டிக்கோடி" என்றேன். முடிவுக் கோடு வரை அவளுக்கு முன்னால் ஓட்டி, கோட்டில் அவளை முன்னே விட்டேன்.

உன் சின்னவள்