எந்த வரியில் இருக்கிறது?

என்னங்க,

ஹார்பரிலிருந்து வந்ததும் சாப்பிடுங்கள். கப்பைக்கிழங்கும் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரரான ராஜன் சேட்டன் பதினோரு மணிக்கு வருவார். சாயா போட்டுக் கொடுங்கள்.

எதிர் வீட்டு ஷபானாவைக் காலி செய்யச் சொல்லத்தான் அவரை வரவழைத்தீர்களாமே! "நாத்தம் புடிச்சவங்கன்னு நம்மள எழுதி ஒட்டிட்டா" என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அவள் நம் கதவில் ஒட்டிய சீட்டை ஐந்து முறை படித்தேன். "அண்ணா, உங்க மீன் கூடைத் தண்ணி படியில சொட்டி வழுக்குது. கொஞ்சம் பாத்துக்கோங்க." இவ்வளவுதான். இதில் நாற்றம் எந்த வரியில் இருக்கிறது? 'அண்ணா' என்று இருக்கிறதே, அது ஏன் உங்கள் கண்ணில் படவில்லை?

சீட்டைச் சாமி படத்தின் முன் வைத்திருக்கிறேன். சேட்டனுக்கு அதை முதலில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் சொன்ன வார்த்தையை விரல் வைத்துக் காட்ட முடிந்தால் காலி செய்யச் சொல்லுங்கள். முடியாவிட்டால், தப்பு உங்களுடையது என்று அவரிடமே சொல்லிவிடுங்கள்.

வசந்தி

பி.கு.: நான் ஷபானாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சீட்டு ஒட்டிய அன்று காலையில்தான் அவள் மகள் அந்தப் படியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். கை இன்னும் வீங்கியிருக்கிறது. அதை அவள் சீட்டில் எழுதவே இல்லை.