வேலியோரத்து வெற்றிலை

வெள்ளிக்கிழமை, இரவு

என் சிடுமூஞ்சி மாமா, இன்று உங்கள் படத்துக்கு முன்னால் படையல் போட்டேன். வேலியோரத்தில் பறித்த வெற்றிலையும் வைத்தேன். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஐயோ பார்வதி, இது காடுக் இலை லா! மலாய்க்காரங்க சாப்பாட்டுக்குப் பறிக்கிறது. தொட்டுப் பாரு, மெல்லிசா, பளபளன்னு இருக்கு. வெத்தலை தடிப்பா இருக்கும், கொடியா ஏறும். இது தரையோடயே கிடக்கும்.”

அக்கா போன பிறகு தனியாகப் போய்ப் பார்த்தேன். நீங்கள் நட்ட வெற்றிலைக்கொடி வேலிக்கு மேலே ஏறியிருக்கிறது. உங்களைக் கட்டிக்கொண்டு வந்து இத்தனை வருடமும் நான் கீழே கைக்கு எட்டியதைத்தான் பறித்து, பாக்கு வைத்து மடித்துக் கொடுத்திருக்கிறேன். தேத்தண்ணியில் சீனி குறைந்தாலே கத்துவீர்கள். இதை மட்டும் ஏன் மாமா ஒன்றும் சொல்லாமல் மென்றீர்கள்?