ஷீட் வீட்டுக்கு ஏசி

ஏப்ரல் 27
ஸ்டீபன் அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தேன். இரும்பு ஆலையில், உலைக்கு முன்னால் சுருண்டு விழுந்தவன். பிழைத்துவிட்டான். ஆனால் உடம்பு இனிமேல் வியர்க்காதாம். "இன்னொரு தடவை சூடு ஏறினால் தாங்க மாட்டார். குளிர்ச்சியான அறையில் வையுங்கள்" என்றார் டாக்டர். எங்கள் வீட்டைப் பார்க்காதவர். அப்பா கட்டிய ஒற்றை அறை, மேலே சிமென்ட் ஷீட்.

ஏப்ரல் 28
அந்த ஆலையில் பேனல் ரூமுக்கு ஏசி உண்டு. சூடானால் மெஷின் நின்றுவிடும் என்று. ஸ்டீபன் அண்ணன் சூடாகி விழுந்தான். மறுநாளே காண்டிராக்டர் வேறு ஆளை நிறுத்திவிட்டார்.

மே 2
தவணையில் ஸ்ப்ளிட் ஏசி வாங்கிவிட்டேன். மாட்ட வந்த சிராஜ் அண்ணாந்து பார்த்தார். சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி.
"இன்னாக்கா, இது ஊடா, சல்லடையா? இப்டியே மாட்டினா பழவேற்காடு வரைக்கும் ஜில்லுனு இருக்கும். உங்க அண்ணனுக்கு மட்டும் வேர்க்கும்."
"அவனுக்கு வேர்க்காது" என்றேன்.
அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

மே 3
இடைவெளியெல்லாம் சாக்கைத் திணித்துச் சிமென்ட் பூசினோம். ஷீட்டுக்குக் கீழே தெர்மாகோல். இருந்த ஒரே ஜன்னலையும் பலகை வைத்து அடைத்தாயிற்று.

மே 4
கத்திரி ஆரம்பம். ஏசி ஓடுகிறது! அண்ணன் போர்வை கேட்டான். "மெர்சி, ஊட்டி மாதிரி கீது" என்றான். சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்க்கிறான். திட்டினேன் — குளிர் போவுது, மூடு!

மே 9
வோல்டேஜ் இல்லை. எங்கள் ஏசி ஓடினால் தெருவில் ஃபேன்கள் தள்ளாடுகின்றன. பக்கத்து வீட்டு கங்கம்மா வாசலில் நின்று கத்தினாள்: "இன்னாடி, உங்க ஊடு ஜில்லுனு இருக்க நாங்கல்லாம் வெந்து சாவணுமா?" நானும் கத்தினேன். யாரிடம் கத்த வேண்டும்? ஆலைக்குத் தனி லைன், எங்கள் கூரைக்கு மேலேயே போகிறது. தெரு முழுக்க ஒரே ஒரு கிழட்டு டிரான்ஸ்ஃபார்மர்.

மே 13
நான் வேலை பார்க்கும் கம்பெனியில் லீவு இல்லை என்றுவிட்டார்கள். பகலெல்லாம் அவன் தனியாக.

மே 16
நேற்று மதியம் கரண்ட் போய் ஏசி நின்றிருக்கிறது. நான் ஷிஃப்டில். முன்பாவது அந்த இடைவெளி வழியே சூடு வெளியே போகும். நாங்கள் அதை அடைத்துவிட்டோம். வீடு அடுப்பாகிவிட்டது.
கங்கம்மா போய்த் தட்டியிருக்கிறாள். "கதவத் தொறந்து வச்சுக்கோடான்னேன். 'வேணாம்க்கா, கரண்ட் இப்ப வந்துரும். தொறந்தா குளிர் போய்டும், மெர்சி திட்டும்'னான். அப்பால சத்தமே இல்லடி."
திட்டினேன்தான். அவனை உலை முன்னால் நிறுத்தினவன் ஒருத்தனையும் திட்ட முடியல — அண்ணன்கிட்டதானே என் வாய்?
ஆஸ்பத்திரியில் உடம்பை நாளைக்குத்தான் தருவார்களாம்.

மே 17
கொண்டு வந்துவிட்டோம். பள்ளிப்பட்டிலிருந்து சித்தி வந்து சேரும் வரை ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். பிளக்கைச் சொருகிவிட்டு, எப்போது நிற்கப்போகிறதோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நிற்கவே இல்லை.
வெளியே வந்து பார்த்தேன். கொளுத்துகிற வெயில். வாசலுக்கு வாசல் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கங்கம்மா என் கையைப் பிடித்தாள்.
"தெருவுல எல்லாரும் ஃபேன நிறுத்திட்டோம்டி. பெட்டி நின்னுறக்கூடாது பாரு."