உப்பு நுரைக்காது, அண்ணி

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. நாள் முழுக்கச் சலவைக் கடையில் நின்று இஸ்திரி போடுகிறவருக்கு இடுப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போனில் பேசலாம்தான். ஆனால் அண்ணன் போனதிலிருந்து, ஹலோ சொல்வதற்குள் இரண்டு பேரும் அழ ஆரம்பித்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன்.

இத்துடன் ஒரு ஜாடி வருகிறது. குளிக்கிற தண்ணீரில் போடும் உப்பு, நானே கலந்தது. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் வாங்கிய எப்சம் உப்பு, கொஞ்சம் இந்துப்பு, வெயிலில் காயவைத்துப் பொடித்த ஆரஞ்சுத் தோல், லாவண்டர் எண்ணெய் சில துளிகள். தொட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் நிரப்பி, இரண்டு கை அள்ளிப் போட்டு, கழுத்து வரை அமிழ்ந்து கிடங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிடாதீர்கள், தலை சுற்றும்.

ஊரார் வீட்டுக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டிய அண்ணன், இடித்த ஓட்டலிலிருந்து ஆசையாகத் தூக்கி வந்து பதித்த தொட்டி அது. கோணலாக வைத்துவிட்டார் என்று நீங்கள் சண்டை போடுவீர்கள். "உன் கண்ணுதான் கோணல்" என்பார் அவர். நானும் அவர் பக்கம் சேர்ந்து சிரிப்பேன். கோணலோ நேரோ, அது சும்மா கிடக்கக் கூடாது.

என்றும் உங்கள்
குட்டி


மார்ச் 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ அனுப்பிய ஜாடி கிடைத்தது. மிக்க நன்றி. நீ சொன்னபடியே செய்தேன். உப்பைப் போட்டதும் நுரை பொங்கி விளிம்பு வரை வந்துவிட்டது. மணமும் நன்றாக இருந்தது. இடுப்பு வலி குறைந்திருக்கிறது. வேலைக்கு நடுவே உனக்கு எதற்கு இந்தச் சிரமம்? இனி அனுப்ப வேண்டாம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
அண்ணி


மார்ச் 22

அன்புள்ள அண்ணிக்கு,

உப்பு நுரைக்காது, அண்ணி. நான் கலந்ததில் சோப்பு ஒரு துளிகூட இல்லை. அந்த ஜாடியை நீங்கள் திறக்கவே இல்லை.

அதற்காக எனக்குக் கோபம் இல்லை. கடிதத்தின் மற்ற வரிகள்தான் தூக்கத்தைக் கெடுத்தன. "நாத்தனாருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். மிக்க நன்றி என்கிறீர்கள். நீங்கள் கல்யாணமாகி வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எனக்குத் தலை பின்னிவிட்டவர் நீங்கள். நான் முதன்முதலில் போட்ட டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது டீயா, பாத்திரம் கழுவின தண்ணியாடி?" என்று கேட்டவர். இப்போது நான் மனம் நோவேன் என்று பொய் சொல்கிறீர்கள். விருந்தாளியிடம்தான் அப்படி மரியாதை பார்ப்பார்கள்.

அண்ணன் போய்விட்டார். அவரோடு நீங்களும் எனக்கு இல்லாமல் போய்விடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

குட்டி


ஏப்ரல் 2

குட்டி,

நீ மருந்துக்கடையில் இருப்பதை மறந்துபோய்ப் பொய் சொன்னது என் புத்தி. விளம்பரத்தில் எல்லாத் தொட்டியும் நுரைக்கிறதே, அதை நம்பி எழுதிவிட்டேன்.

தொட்டியில் இடம் இல்லையடி. அவர் போன மறுவாரம், அவரோடு வேலை பார்த்தவர் அவருடைய சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இதெல்லாம் எங்க வைக்கட்டும்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தொட்டியைக் காட்டிவிட்டேன். கொத்துக்கரண்டி, ரப்பர் சுத்தி, டைல்ஸ் வெட்டுகிற மெஷின், கோணல் பார்க்கிற ரசமட்டம் எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடியிருக்கிறேன். தண்ணீர் தெறித்துத் துருப்பிடித்துவிடுமோ என்று மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து வாளியில் குளிக்கிறேன். இடுப்பு வலி பாதி இஸ்திரியால், பாதி இதனால்.

எடுத்து வேறு இடத்தில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்காதே. கை போகமாட்டேன் என்கிறது. இதை யாரிடம் சொன்னாலும் புத்தி சொல்வார்கள். நீயும் சொல்லிவிடாதே.

அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லமாட்டேன். தொட்டி அண்ணன் சாமானுக்கே இருக்கட்டும்.

குளிக்கிற வாளியை அடுப்படிக்குக் கொண்டு வாருங்கள். முக்கால் வாளி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு கை உப்பு. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே நனைகிற மாதிரி காலை வையுங்கள். தண்ணீர் ஆறியதும் எடுத்துத் துடைத்துவிடுங்கள். அவ்வளவுதான். அந்த நேரத்தில் காய் நறுக்குகிறேன், பட்டன் தைக்கிறேன் என்று எதையாவது மடியில் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் பற்றித் தெரியும்.

ஓடி வந்துவிடலாமா என்றுதான் இருக்கிறது. நீங்கள் கூப்பிட்டால் வருகிறேன்.

குட்டி


மே 6

அடியே குட்டி,

முதல் நாள் வாளியில் கால் வைத்தபோது வெட்கமாக இருந்தது, இந்த வயதில் என்ன ராணி வேஷம் என்று. அப்படியே நாற்காலியில் தூங்கிவிட்டேன். விழித்தபோது தண்ணீர் சில்லென்று ஆகியிருந்தது. பிறகு கடை விட்டு வந்ததும் அதுவே வழக்கமாகிவிட்டது. ஆரஞ்சு மணம் புடவையில்கூட ஏறிவிட்டது. கடையில் கேட்கிறார்கள், என்ன சென்ட் என்று.

போன வாரம் அவருடைய கூட்டாளியை வரச் சொல்லி, சாமானை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "நெஜமாவா அக்கா?" என்றார். "மனசு மாறுறதுக்குள்ள எடுத்துட்டுப் போப்பா" என்றேன். ரசமட்டத்தை மட்டும் கொடுக்கவில்லை. கூட்டாளி கிளம்பியதும் தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதை விளிம்பின் மேல் வைத்துப் பார்த்தேன். குமிழி ஒரு ஓரத்துக்கே ஓடிப்போய் நின்றுவிட்டது.

தொட்டி கோணல்தானடி. இத்தனை வருஷம் அண்ணனும் தங்கையுமாக என் கண்ணைக் குறை சொன்னீர்களே. ஜெயித்துவிட்டேன். காட்டத்தான் அவர் இல்லை. அந்த விளிம்பிலேயே உட்கார்ந்து, வயிறு வலிக்கிற வரைக்கும் அழுதேன்.

அப்புறம் எழுந்து தண்ணீர் பிடித்து, உன் உப்பைப் போட்டுக் கழுத்து வரை கிடந்தேன். நுரைக்கவில்லை. இடுப்பு இளகிவிட்டது. கோணல் அல்லவா, கடைசித் தண்ணீர் வடியாமல் ஒரு பக்கமாகத் தேங்கி நின்றது. குவளையால் அள்ளி ஊற்றிக்கொண்டே உன் அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவரைத் திட்டி எத்தனை நாளாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வா. ரசமட்டத்தை அப்படியே வைத்திருக்கிறேன். நீயாவது வந்து உன் கண்ணால் பார்த்துத் தோற்றேன் என்று சொல்ல வேண்டும். விருந்தாளி மாதிரி பழம் கிழம் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்காதே. உப்பு கொண்டு வா. ஜாடி காலி.

உன்
அண்ணி