கோட்டையும் ஐஸ்பெட்டியும்

செப்ரெம்பர் 11, வியாழன்

காலையில் தூறல். பின்னேரம் வெளித்தது. நாளைக்கு மகள் டிலானியோடு ஏரிக்கரைக் கேபினுக்குப் பயணம். எடுக்க வேண்டியவை:

ஆட்டிறைச்சிக் கறி (உறைய வைத்தாயிற்று, ஐஸ்கிறீம் வாளியில்)
புட்டு மா, தேங்காய்ப்பூ
பிரஷர் குளிசை
கண்ணாடி, இரண்டும்
ஸ்ரெல்லாவின் செபமாலை. எதற்கென்று தெரியவில்லை, எடுத்து வைத்தேன்.

கீழே லொக்கரில் இருந்து பழைய ஐஸ்பெட்டியைத் தூக்கி வந்தேன். சிவப்புப் பெட்டி, வெள்ளை மூடி, ஒரு பக்கக் கைபிடி இல்லை. மகள் போனில் சிரித்தாள். "அப்பா, கேபினில ஃபிரிஜ் இருக்கு. உந்தப் பெட்டி என்னத்துக்கு?" கேபினுக்குக் கிட்ட இருக்கிற பழைய கோட்டையடிக்கு அது இல்லாமல் ஒரு வருடமும் போனதில்லை என்றேன்.

பெண்சாதி ஸ்ரெல்லா என்னை விட்டுப் போய், வருகிற மாதத்தோடு ஒரு வருடம். பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு மலர் அடிக்கிறோம். திங்கட்கிழமை எல்லாம் அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். என் பக்கம் முடிந்தது. மன்னாரில் இருந்து மச்சான் எழுதி அனுப்பிவிட்டார். டிலானியின் பக்கம்தான் இன்னும் வெறுமை. அம்மாவோடு போன இடத்துக்குப் போனால் எழுத வரும் என்று அவள்தான் கேபினைப் பிடித்தாள்.

செப்ரெம்பர் 12, வெள்ளி

நல்ல வெயில். பிக்கரிங்கில் இருந்து என்னை ஏற்ற ஸ்காபரோவுக்கு வந்தவள், முதலில் பெட்டியைத்தான் பார்த்தாள். ஹைவேயில் மூன்று மணித்தியாலம். வழியில் கோப்பி, டோனட் ஒன்று. (டொக்டருக்குச் சொல்லத் தேவையில்லை.)

கேபின் பலகை மணம். இரண்டு தட்டுக் கட்டில், ஹீட்டர், அடுப்பு, எல்லாம் இருக்கிறது. சௌகரியம்தான், ஆனால் எனக்கு என்னவோ போல் இருந்தது. அந்த நாளில் கூடாரம். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே கட்டடத்தில் இருந்த நாலு குடும்பம், இரண்டு வான். கூடாரம் அடிக்க ஒருவருக்கும் தெரியாது. கயிற்றை மரத்தில் கட்டி ஒப்பேற்றினோம். சோற்றுக்கு ரைஸ் குக்கர். அதைக் குளியலறைக் கட்டடத்தில், முகம் கழுவுகிற இடத்துப் பிளக்கில் போட்டுவிட்டு, பெண்கள் முறைவைத்துக் காவல் நிற்பார்கள். பல்லுத் தீட்ட வந்த வெள்ளைக்காரி ஒருத்தி மூடியைத் திறந்து மணந்து பார்த்தாளாம். ஸ்ரெல்லா அவளுக்கும் ஒரு கோப்பை சோறு போட்டுக் கொடுத்தாள்.

பின்னேரம் டிலானி தான் எழுதியதை வாசித்தாள். இரண்டே வரி. அம்மா நன்றாகச் சமைப்பார், எல்லோரிலும் அன்பாக இருந்தார். பிறகு பேனையைப் போட்டுவிட்டாள்.

"அம்மாவைப் பற்றி எழுத இருந்தா, ஒண்டும் வருதில்லை அப்பா. ஷீ வாஸ் ஜஸ்ற் தெயர். உங்களைப் பற்றியெண்டா பத்துப் பக்கம் எழுதுவன். கோட்டைக் கதை ஒண்டே காணும்."

அந்தக் கதை. இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், அவளுக்கு ஐந்து வயது. கோட்டைக்குள் சனத்துக்கு வேடிக்கை காட்டப் பீரங்கி வெடித்தார்கள். சண்டைக்குள் இருந்து வந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் புல்லில் குப்புற விழுந்தார்கள். அப்பா தனக்கு மேல் விழுந்து மூடிக் கிடந்தார் என்பது அவள் கதை. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாள். கலியாண வீட்டில் மைக்கைப் பிடித்துச் சொன்னாள்.

"நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான். ஆனா பாண் மணத்தது. அப்ப அப்பாதானே."

நான் பேக்கரியில் இரவிரவாகப் பாண் சுடுகிற வேலை செய்த காலம். வழக்கம்போல் தலையாட்டினேன்.

அவள் மேல் விழுந்தவள் ஸ்ரெல்லா. நான் விழுந்தது ஐஸ்பெட்டியின் மேல். இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு. கைபிடி உடைந்தது அன்றைக்குத்தான். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக எழுதுகிறேன். எழுதவே கை கூசுகிறது.

செப்ரெம்பர் 13, சனி

விடிய நல்ல குளிர். ஏரியை மூடிப் புகார் மூட்டம். பக்கத்துக் கேபின்காரன் விறகு பற்றவைக்கத் தெரியாமல் பெண்சாதியிடம் ஏச்சு வாங்கினான்.

ஒஷாவாவில் இருந்து ராசன் போன். மட்டக்களப்பான், அந்த நாலு குடும்பத்தில் ஒருவன், அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தவன். "மறுகா என்ன யோசேப்பண்ணே, பெட்டி பத்திரமா?" முப்பத்தொரு வருடமாக இதே கேள்விதான். பிள்ளைகள் முன்னால் மட்டும் வாய் திறக்கமாட்டான். அது ஸ்ரெல்லா போட்ட கட்டளை.

அவளிடம் அப்போதே சொன்னேன், பிள்ளைக்கு உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று. "விடுங்கோ," என்றாள். "நீங்கள் இரவு வேலை. பிள்ளை உங்களை நித்திரையிலதான் காணுறவள். உது ஒண்டாவது உங்கட பேரில இருக்கட்டும்." நானும் விட்டுவிட்டேன். விட்டது வசதியாகவும் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பத்தரைக்குக் கோட்டை. மர மதில், புல் மேடு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா. சிவப்புச் சட்டைச் சிப்பாய்களாக நிற்பவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். வாசலில் பலகை: பீரங்கி வெடி பதினொரு மணிக்கு, காதைப் பொத்திக்கொள்ளவும். அன்றைக்கும் அந்தப் பலகை இருந்தது. எங்களுக்குள் இங்கிலிஷ் வாசிக்கக் கூடியவன் நான். சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசிக்காமல் உள்ளே போனேன்.

பதினொன்று. காதைப் பொத்தியிருந்தேன். வெடித்தபோது முழங்கால் தன்பாட்டில் மடங்கியது. டிலானி என் கையைப் பிடித்து நிமிர்த்திவிட்டு, பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் இங்கிலிஷில் கதையைச் சொன்னாள். வோர், அகதிகள், அப்பா என்னை மூடினார். அந்த மனுசி நெஞ்சில் கை வைத்து என்னைப் பார்த்த பார்வை! தாங்க முடியவில்லை. ஸ்ரெல்லாவின் சாமானைக் களவெடுத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

ஆற்றங்கரையில் மர வாங்கொன்றில் இரண்டு பேரும் குந்தியிருக்கும்போது சொன்னேன். அவள் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்கவில்லை. "பிள்ளை, உனக்கு மேல விழுந்தது அம்மா. நான் ஐஸ்பெட்டிக்கு மேல விழுந்தனான்."

முதலில் சிரித்தாள், பகிடி என்று. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பழத்தை வாங்கில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள். கரையோரமாக நடந்து கண்ணுக்கு மறைந்துவிட்டாள். நான் அந்தப் பழத்தைக் காவல் காத்தேன். எறும்பு வந்தது.

ஒரு மணித்தியாலத்தால் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அம்மா ஏன் சொல்லேல்ல?"

ஸ்ரெல்லா சொன்னதை அப்படியே சொன்னேன். நித்திரையில்தான் காணுகிறவள் என்பதையும்.

"ஆனா பாண் மணத்தது அப்பா. அதை நான் கற்பனை பண்ணேல்ல. என்ர வாழ்க்கையில எனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரே விசயம் அது."

ஸ்ரெல்லா அப்போது தலையணை உறை தைக்கிற இடத்தில் வேலை; அவளில் பாண் மணக்க நியாயமில்லை.

புட்டும் கறியும் சூடாக்கினேன். அவள் கொஞ்சம்தான் சாப்பிட்டாள். என்னோடு கோபமில்லை என்றாள். அப்படிச் சொன்னாலே கொஞ்சம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். இருக்கட்டும், நியாயம்தான்.

செப்ரெம்பர் 14, ஞாயிறு

மழை. வழியில் பூசை கண்டோம். காரில் அதிகம் கதைக்கவில்லை. "நைட் ஷிஃப்ற் எத்தினை வருசம் அப்பா?" என்று மட்டும் கேட்டாள். பதினாறு என்றேன்.

வீடு வந்ததும் படம் தேடினேன், மலருக்கு. பிஸ்கற் ரின்னுக்குள் அந்தக் காலத்துப் படங்கள். கோட்டை வாசலில் எடுத்தது ஒன்று கிடைத்தது, ராசன் எடுத்தது. வெடிக்கு முன்னால் எடுத்த படம், எல்லோரும் சிரிக்கிறோம். பின்னால் அந்தப் பலகை. நான் மெல்லிய சேட்டுடன், காலடியில் பெட்டி, அப்போது இரண்டு கைபிடியும் இருக்கிறது. டிலானி தாயின் கையில் தொங்குகிறாள்.

ஸ்ரெல்லா போட்டிருப்பது என்னுடைய ஜக்கெற்.

கையை மூன்று மடிப்பு மடித்து விட்டிருக்கிறாள். பொக்கற்றில் கோதுமை மா கறை. இப்போது எல்லாம் நினைவு வருகிறது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அந்த ஜக்கெற்றோடுதான் நேரே வானில் ஏறினேன். மறுநாள் காலை அவள் வெறும் சட்டையோடு நடுங்கினாள். வேண்டாம் வேண்டாம் என்றவளுக்கு நான்தான் பிடித்துப் போட்டுவிட்டேன். பிள்ளை முகத்தைப் புதைத்துக் கிடந்தது அதற்குள்தான்.

படத்தை டிலானிக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை. இருந்து அழுதேன். ஸ்ரெல்லா போன பிறகு இப்படி அழுததில்லை.

கால் மணித்தியாலத்தால் போன் வந்தது. மூக்கடைத்த குரல்.

"அப்பா, முதல் வசனம் எழுதிட்டன். வாசிக்கட்டோ?"

"வாசி."

"அப்பான்ர ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு அம்மா எனக்கு மேல விழுந்தா."

இன்னொருதரம் வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டுக் கேட்டாள்:

"ஐஸ்பெட்டியையும் எழுதட்டோ? சனமெல்லாம் வாசிக்கும்."

எழுது பிள்ளை என்றேன். கைபிடி உடைந்ததையும் எழுது என்றேன்.