என் மனைவிக்கு இல்லாத முதுகுவலி

மார்ச் 4, புதன்

இன்று கடைக்கு வந்த ஒருவர் ஒரே ஒரு மூக்குக்கண்ணாடி ஃபிரேமுக்காக என் உயிரை எடுத்துவிட்டார். முதலில் வேறு கடையில் குறைவு என்றார். பிறகு கோபமாக எழுந்து கதவு வரை போனார். நான் கூப்பிடவில்லை என்றதும் திரும்பி வந்து, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று ஆரம்பித்தார். என் கடைக்கு வருகிறவர்களின் அம்மாக்களை எல்லாம் சேர்த்தால் ஒரு ஆஸ்பத்திரி போதாது. சிரித்த முகத்தோடு கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டுக் கொடுத்தேன். விலையில் மட்டும் கை வைக்க விடவில்லை.

என் மனைவி வீடு வர இன்றும் நேரமாகிவிட்டது. கிளினிக் வேலை முடிந்து, நடக்க முடியாதவர்களின் வீடு வீடாகப் போய் கை கால்களை நீட்டி மடக்கிவிட்டு, பஸ் மாறி மாறி வருகிறாள். ஊருக்கெல்லாம் முதுகை நிமிர்த்தும் பிசியோதெரபிஸ்ட் பஸ்ஸில் நின்றே முதுகு ஒடிந்துபோவது நியாயமா? கார் வாங்கியே தீர்வது என்று முடிவு செய்தோம். ஓட்டப்போவது அவள்தான். ஸ்டியரிங்கைத் தொட்டாலே எனக்குக் கை உதறும். எதிரில் லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற கண்ணாடிக்கடைக்காரன் நான்.

"விலை பேசறது உங்க வேலை," என்றாள். "ஆனா போட்டு அடிக்காதீங்க. பில்லுல எது எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் கேளுங்க. நம்மால எவ்வளவு முடியும்னு நேராச் சொல்லுங்க. அவங்களுக்கும் கட்டுப்படி ஆகணும்ல?"

நேராகச் சொல்வதாம்! அவளுக்கு முதுகெலும்பைப் பற்றித் தெரியும், எனக்கு வியாபாரத்தைப் பற்றித் தெரியும் என்றேன். சிரித்துக்கொண்டே தூங்கப் போய்விட்டாள்.

மார்ச் 7, சனி

ஷோரூமுக்குப் போனேன். முகம் பார்த்துத் தலை சீவலாம் போலத் தரை. நின்ற கார்கள் எல்லாம் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவை மாதிரி இருந்தன. நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்து காபி கொடுத்தாள். எங்களுக்கு ஒரு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும்.

என் வித்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கதவைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன். வேறொரு டீலர் இதைவிடக் குறைவாகத் தருவதாகச் சொன்னேன்.

"அப்படியா சார்? அந்த அட்ரஸ் குடுங்க சார், நாங்களும் அங்கயே வாங்கி விக்கறோம்," என்றாள். நக்கல் இல்லை, சும்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். கால்மிதி விரிப்புகளை இலவசமாகத் தருவதாகவும் சொன்னாள்.

கடைசி அஸ்திரமாக எழுந்து நடந்தேன். மெதுவாகத்தான் நடந்தேன், கூப்பிட அவளுக்கு அவகாசம் வேண்டுமே. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. தெருவுக்கே வந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி உள்ளே போய், குடையை வைத்துவிட்டேனா என்று கேட்டேன். குடையே கொண்டு போகவில்லை. அந்தப் பெண் நாற்காலிக்கு அடியில் எல்லாம் குனிந்து தேடினாள்.

மார்ச் 8, ஞாயிறு

என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். ஆறப் போட்டிருக்கிறேன் என்றேன்.

மார்ச் 11, புதன்

எப்படி எழுதுவது. எழுதத்தான் வேண்டும்.

இரண்டாவது தடவை போனேன். நீலக் கோட்டுப் பெண், "வண்டி யாருக்கு சார்? மேடம் ஓட்டுவாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் என் வாய் சொன்னது வேறு: "ஓட்டறதா! அவளால எழுந்து உக்காரவே முடியலம்மா. முதுகுல ஆபரேஷன். படுத்த படுக்கை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வண்டியே."

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தயாராக இருந்தது போல வந்து விழுந்தது. குரல்கூடக் கம்மியது. எங்கே கற்றுக்கொண்டேன் இதை?

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "எங்க அம்மாவுக்கும் அதேதான் சார். ஒரு வருஷம் படுக்கையில இருந்தாங்க," என்றாள். "இருங்க சார்" என்று எழுந்து மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் போனாள். பேச்சுக் கேட்கவில்லை, அவள் கையை விரித்து மன்றாடுவது மட்டும் தெரிந்தது. அவர் கையில் மாதத்துக்கு ஒரு வண்டிக்குத்தான் தனிச் சலுகையாம். அதை எனக்கு வாங்கிக்கொண்டு வந்தாள். நான் கனவிலும் நினைக்காத அளவுக்கு விலை இறங்கிவிட்டது.

அதோடு விட்டாளா? ஒரு காகிதத்தில் ஒரு நம்பரை எழுதி நீட்டினாள்.

"இவங்ககிட்ட ஒரு தடவை காட்டுங்க சார். எங்க அம்மாவை எழுப்பி நடக்க வெச்சதே இவங்கதான். வீட்டுக்கே வருவாங்க. தங்கமானவங்க."

என் மனைவியின் நம்பர். பெயரும் எழுதியிருந்தாள்.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்க தோஷத்தில், "ஃபீஸ் ஜாஸ்தியோ?" என்று கேட்டேன்.

"இல்ல சார். எங்க நிலைமையைப் பார்த்துட்டுப் பாதிதான் வாங்கினாங்க. நாங்க கேக்கவே இல்ல. கடைசி மூணு மாசம் அதுவும் வேணாம்னுட்டாங்க."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்கு இது தெரியாது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

புக்கிங் படிவத்தில் என் மனைவியின் பெயரை எழுத முடியுமா இனிமேல்? என் பெயரில் எழுதினேன். அவளுடைய காருக்கு, ஓட்டத் தெரியாத நான் சொந்தக்காரன்.

மார்ச் 12, வியாழன்

விலையைச் சொன்னதும் என் கன்னத்தைக் கிள்ளினாள். கிளினிக்கில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாளாம், "எங்க வீட்டுக்காரர் பேச ஆரம்பிச்சா ஷோரூமே படுத்துடும்" என்று. ஏன் உங்கள் பெயரில் என்று கேட்டாள். ஏதோ வரி விஷயம் என்றேன். சரி என்றாள்.

என்ன வரி என்றுகூடக் கேட்கவில்லை. அப்படி ஒரு நம்பிக்கை.

மார்ச் 14, சனி

அடுத்த புதன்கிழமை டெலிவரி. தானே வந்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். கார் ஓட்டுவதற்கென்றே தட்டையாக ஒரு செருப்பு வாங்கிவிட்டாள். ஷோரூம் வாசலில் அவள் கால் வைத்த நிமிடம் என் கதை கந்தல்.

ஒரு யோசனை வந்தது. ஷோரூமுக்குப் போன் பண்ணி, வண்டியை வீட்டுக்கே அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"கண்டிப்பா சார். நானே கூட வர்றேன். மேடத்தைப் பார்த்து ரெண்டு வார்த்தை ஆறுதலா பேசிட்டு வரணும்னு நெனச்சேன்."

வேண்டாம்மா, நானே வருகிறேன் என்று போனை வைத்தேன். புத்திசாலி! போய்ப் போய் இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டு வந்திருக்கிறாய்.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லிவிடலாம் என்று சமையலறை வரை போனேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 16, திங்கள்

மத்தியானம் கடையில் ஒரு ஆசிரியைக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. அவள். கிளினிக் நேரத்தில் ஒருநாளும் வராதவள். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆசிரியை எழுத்துகளைப் படிக்கப் படிக்க எனக்கு எதுவும் காதில் விழவில்லை. லென்ஸை இரண்டு தடவை தலைகீழாகப் போட்டேன்.

ஆசிரியை போனதும் கேட்டாள்: "உங்க பொண்டாட்டிக்கு முதுகு இப்ப எப்படி இருக்கு?"

பூமி பிளக்காதா என்று இருந்தது.

நான் கூப்பிட்டேனா என்று கேட்க அந்தப் பெண்ணே அவளுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். கண்ணாடிக்கடை வைத்திருக்கும் ஒரு சார், மனைவிக்கு முதுகு ஆபரேஷன், பாவம், கூச்சப்படுகிறார், நீங்களே போய்ப் பாருங்கள் என்று. பெயரையும் கடை இருக்கும் தெருவையும் சொல்லியிருக்கிறாள்.

"போன்ல அழுதா அந்தப் பொண்ணு," என்றாள். "அவ அம்மா பட்ட பாடு ஞாபகம் வந்துடுச்சாம். தினமும் அந்த மாதிரி ஆளுங்களைத் தொட்டுத் தூக்கி உக்கார வெக்கறவ நான். அவங்க வலி என்னன்னு எனக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய் வித்திருக்கீங்க."

நான் லென்ஸை எடுத்துத் துடைத்தேன்.

"பொய் சொல்லணும்னா உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே. என்னைத்தான் படுக்கப் போடத் தோணிச்சா?"

அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லவில்லையாம், வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாளாம்.

"நாளைக்கு மத்தியானம் ஷோரூமுக்கு வருவேன். நடந்துதான் வருவேன். அதுக்குள்ள நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

மார்ச் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் எழுந்து காபி எடுக்கப் போனாள். வேண்டாம் என்று தடுத்தேன். "அம்மா, நான் சொன்னது பொய். என் மனைவிக்கு ஒண்ணும் இல்ல."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவள் கேட்டது இதுதான்: "அப்ப மேடம் நல்லா இருக்காங்களா சார்? நடக்கறாங்களா?" முகத்தில் நிஜமான நிம்மதி. ஐயோ, அந்த நிம்மதி! திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அதன் பிறகுதான் மீதியையும் சொன்னேன், நீ எழுதிக் கொடுத்த நம்பர் யாருடையது என்று. அவள் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மேனேஜரிடம் தான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பதாகச் சொன்னாள். எனக்காக இன்னொரு பொய்! கூடாது என்று நானே கண்ணாடி அறைக்குள் போனேன். சலுகையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"சார், இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் வீட்டுல யாராவது படுக்கையிலதான் இருப்பாங்க. நான் நம்பவே இல்ல. அவதான் நம்பினா. பொறுப்பைத் தன் பேர்ல எழுதிக்கோங்கன்னு கேட்டு வாங்கினா."

கடையில் என் வாயில் வரும் பேச்சு. அச்சு அசல் அதே பேச்சு. கூனிக் குறுகிப்போய் நின்றேன்.

அந்த நேரம் என் மனைவி வந்தாள். தட்டைச் செருப்பு, கிளினிக் பை. நீலக் கோட்டுப் பெண் எழுந்து நின்றாள். "அம்மா படி ஏறறாங்களா?" என்று இவள் கேட்க, "ஏறறாங்க மேடம், கைப்பிடியைப் புடிக்காமலே" என்று அவள் சொல்ல, இருவரும் என்னைத் தாண்டிக்கொண்டு பேசினார்கள். நான் அங்கே ஒரு தூண்.

பிறகு என் மனைவி உட்கார்ந்து பில்லைப் பிரித்துக் கேட்டாள். பெயின்டுக்கு மேல் ஏதோ பூச்சு, அது வேண்டாம். கையாளும் செலவு என்று ஒரு வரி, அது எதற்கு? மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு அந்த வரியை அடித்துவிட்டார். இன்சூரன்ஸ் வெளியே குறைவாகக் கிடைக்கிறது, இதோ அவர்கள் கொடுத்த விலை. பையிலிருந்து காகிதத்தை எடுத்து வைத்தாள்.

"எங்களால இவ்வளவு முடியும். இதுல உங்களுக்கும் இந்தப் பொண்ணுக்கும் நஷ்டம் இல்லைன்னா எடுத்துக்கறேன். இருந்தா இப்பவே சொல்லிடுங்க, வேற வண்டி பார்த்துக்கறேன்."

மேனேஜர் கணக்குப் போட்டார். சரி என்றார். என் பொய் விலையைவிடக் கொஞ்சம்தான் கூட. நான் இரண்டு நாள் ஆடிய நாடகத்தை அவள் உட்கார்ந்த இடத்தில் முடித்துவிட்டாள். புக்கிங்கில் என் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதினாள். கையெழுத்து அழுத்தமாக இருந்தது.

மார்ச் 18, புதன்

கார் வந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தேன். அழகாக ஓட்டுகிறாள். சொன்னேன். "ம்" என்றாள்.

மார்ச் 30, திங்கள்

சண்டை எதுவும் இல்லை. சாப்பாடு, பேச்சு, எல்லாம் எப்போதும் போலத்தான். அந்த விஷயத்தை அவள் எடுப்பதே இல்லை. எடுத்தால்கூட நன்றாக இருக்கும்.

ஏப்ரல் 9, வியாழன்

கடையில் நடந்த வேடிக்கை ஒன்றைச் சாப்பிடும்போது சொன்னேன். ஒரு தாத்தா தன் கண்ணாடியைத் தலையிலேயே வைத்துக்கொண்டு தொலைந்துவிட்டதென்று புதிது வாங்க வந்த கதை. முன்பெல்லாம் நான் பாதி சொல்வதற்குள் சிரித்துவிடுவாள். இன்று முடியும் வரை கேட்டாள். பிறகு, "நிஜமாவா?" என்றாள்.

நிஜம்தான் என்றேன். அப்புறம் சிரித்தாள்.

ஏப்ரல் 22, புதன்

மத்தியானத்திலிருந்து உடம்பு அனலாக இருந்தது. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவளுக்குப் போன் போட்டேன்.

"உடம்பு முடியல. ஜுரம் அடிக்குது போல. வந்து கூட்டிட்டுப் போறியா?"

மறுமுனையில் அவள், "நிஜமாவா?"

கோபம் இல்லை, குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள், அவ்வளவுதான்.

"நிஜமாத்தான்மா."

"வர்றேன்."

வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். புறங்கையால் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வியர்க்கிற மாதிரி இருந்தது. மின்விசிறியை எழுந்து போய் நிறுத்தினேன். அவள் வருவதற்குள் ஜுரம் இறங்கிவிடக் கூடாதே, கடவுளே, இறங்கிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

கார் வந்து நின்றது. உள்ளே வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் என் நெற்றியில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"சுடுதுங்க," என்றாள்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு.