சேட்டுக்கு ஓட்டுக் கேட்ட சங்கம்

19 நவம்பர் 2001, திங்கள்

தீபாவளி லீவு முடிந்து முதல் ஷிப்ட். தேஹு ரோட்டில் லோக்கல் ரயில் ஏறும்போதே நிற்க இடமில்லை. கசார்வாடியில் இறங்கி கம்பெனிக்குள் போனால், எங்கள் அசெம்பிளி மேஜையில் புதுப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். காண்ட்ராக்டில் வந்தவர்களாம். ஸ்விட்சுக்குள் ஸ்பிரிங் எப்படி மாட்டுவது என்று நான்தான் கற்றுக்கொடுக்க வேண்டுமாம், சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார். கற்றுக்கொடுத்தால் நாளைக்கு என் இடம் யாருக்கு? கற்றுக்கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளைகள் திட்டு வாங்கும். கற்றுக்கொடுத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் ரவி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். ரவிசந்திரன், எங்கள் சங்கத்தின் செயலாளர், தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் வேலை. என்னை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவர் அவர்தான். கமிட்டியில் ஆண்களுக்கு நடுவே ஒரே பொம்பளையாக உட்கார வைத்தவரும் அவர்தான். "பயப்படாதே மேரி. நம்ம பின்னாடி கட்சி இருக்கு" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் சப்பாத்தி தொண்டையில் இறங்கியது.

மகள் கீர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்க்கிறாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நல்லவேளை, இதை ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

6 டிசம்பர், வியாழன்

வார லீவு. கமிட்டி கூட்டம். காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தாவிட்டால் ஸ்ட்ரைக் என்று முடிவு. முதலில் கை தூக்கியது ரவி அண்ணன்தான்.

96 ஸ்ட்ரைக்கைப் பற்றிப் பேசினார். கேட்டில் போலீஸ் அடித்ததில் அவருக்கு மண்டை உடைந்தது. கட்சி வக்கீல்தான் ராத்திரியோடு ராத்திரியாக ஜாமீன் எடுத்தார். கட்சி ஆட்கள்தான் எங்கள் வீடுகளுக்குக் கோதுமை கொண்டுவந்து போட்டார்கள். அதை நான் மறக்கவில்லை. அந்தக் கோதுமையில் நானும் ரொட்டி சுட்டேன். அதற்குப் பிறகுதான் கேட்டில் கட்சிக் கொடி ஏறியது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நாங்களே ஆசையாக ஏற்றினோம்.

20 டிசம்பர்

ஸ்ட்ரைக் நோட்டீஸ் தள்ளிப்போய்விட்டது. நகரசபைத் தேர்தல் முடியட்டுமாம். மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம்.

10 ஜனவரி 2002, வியாழன்

எழுதவே கை வரவில்லை. எங்கள் வார்டுக்குக் கட்சி ஆளை அறிவித்துவிட்டது. சோட்டா சேட்!

எங்கள் முதலாளியின் சொந்தத் தம்பி. தினமும் எங்கள் ஷாப்புக்குள் கைகட்டி நடந்து, யார் கக்கூஸுக்கு அதிக நேரம் எடுக்கிறாள் என்று பார்ப்பானே, அவன். போன மாதம்தான் கட்சியில் சேர்ந்தானாம். சங்கம்தான் முன்னால் நின்று வேலை செய்ய வேண்டுமாம்.

கமிட்டியில் நான் கேட்டேன்: "அண்ணே, யாருக்கு எதிரா ஸ்ட்ரைக்னு முடிவு பண்ணோமோ, அவங்களுக்கே ஓட்டுக் கேக்கணுமா?"

ரவி அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவரு நம்ம கட்சியில இருந்தா நம்ம கைக்குள்ள இருப்பாரு மேரி. ஜெயிச்சதும் முதல் வேலை காண்ட்ராக்ட் பிரச்சினையைத் தீக்கறதுதான். எனக்கு வாக்குக் குடுத்திருக்காங்க."

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் ராணுவ டெப்போவில் ஸ்டோர் வேலை, எல்லாவற்றையும் தூரத்தில் நின்று பார்க்கிற ஆள். "பூனைக்கு மணி கட்டறேன்னு போயி, பூனையைத் தோள்ல தூக்கிட்டு வரீங்களா?" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. ரவி அண்ணனுக்குத் தெரியாததா இவருக்குத் தெரிந்துவிட்டது?

24 ஜனவரி, வியாழன்

தமிழ் வீடுகள் எல்லாம் என் பொறுப்பு. ரயில்வே லைன் ஓரம் வீடு வீடாகப் போனேன். மங்கையர்க்கரசி அக்கா வீட்டில் டீ கொடுத்தார்கள். கம்பெனியில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர், புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவர். "அவன் மூஞ்சியைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது மேரி. போயும் போயும் அவனுக்கா?" என்றார். "அக்கா, இது அவனுக்கு இல்ல, சங்கத்துக்கு" என்றேன். "சரி. உன் முகத்துக்காகப் போடறேன்" என்றார்.

எல்லா வீட்டிலும் அதையே சொன்னேன். சங்கத்துக்கு, சங்கத்துக்கு. சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

பிப்ரவரியில் ஒரு நாள்

ஜெயித்துவிட்டான். ஜெயித்துவிட்டார் என்று எழுத வேண்டுமோ? கம்பெனி கேட்டில் பேடா கொடுத்தார்கள், குலால் தூவினார்கள். என் புடவை முழுக்க சிவப்புப் பொடி. ரவி அண்ணனைத் தோளில் தூக்கி ஆடினார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

11 மார்ச், திங்கள்

காலையில் கேட்டுக்குள் இரண்டு லாரி. எங்கள் அசெம்பிளி மேஜைகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நோட்டீஸ் போர்டில் ஆங்கிலத்தில் ஒரு தாள். சலீம் படித்துச் சொன்னான். அசெம்பிளி மொத்தமும் இமாச்சல் பக்கம் போகிறது. அங்கே வரிச் சலுகையாம். நாங்கள் எல்லாரும் வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறோம். பிரஸ் ஷாப் மட்டும் இங்கேயே இருக்கும்.

பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரவி அண்ணனைத் தேடினேன். லீவாம்.

சலீம் எங்கள் டை ஃபிட்டர், மெஷினுக்கு அச்சுப் பொருத்துகிறவன், வாணியம்பாடிப் பையன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "டிசம்பர்லயே என்னை அங்க அனுப்பினாங்கக்கா. புது ஷெட்டு. எந்த மெஷினு எங்க வைக்கணும்னு பாத்துட்டு வந்தேன். வந்ததும் ரவி அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். எலெக்‌ஷன் முடியற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னாரு. அவரே சொன்னப்புறம் நான் என்னக்கா பண்றது?"

டிசம்பரில். டிசம்பரிலேயே அண்ணனுக்குத் தெரியும்.

அப்ப நான் யாருக்காக அலைஞ்சேன்? எங்க வேலைய ஏத்திட்டுப் போறவனுக்கு, எங்ககிட்டயே ஓட்டு வாங்கிக் குடுத்திருக்கேன். என் வாயால. வீடு வீடா போயி.

13 மார்ச், புதன்

ரவி அண்ணன் வீட்டுக்குப் போனேன். வனஜா அண்ணி கதவைத் திறந்தார். அண்ணன் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தாடி மழிக்கவில்லை.

"தெரியுமாண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியும்."

இல்லை என்று சொல்வார் என்றுதான் இவ்வளவு தூரம் போயிருக்கிறேன் போல.

"கட்சி ஆபீஸ்ல கூப்பிட்டுச் சொன்னாங்க மேரி. இப்ப விஷயம் வெளிய போனா வார்டு போயிரும், எல்லாத்துக்கும் நீதான் காரணம்னாங்க. ஜெயிச்சப்புறம் பேசி நிறுத்திடலாம்னும் சொன்னாங்க. நான் நம்பினேன். 96-ல அவங்க இல்லன்னா நான் லாக்கப்லயே செத்திருப்பேன். அவங்க சொல்லி நான் எப்படி முடியாதுன்னு சொல்லுவேன்?"

"அடி வாங்கினது கட்சிக்காகவாண்ணே? எங்களுக்காகத்தானே வாங்கினீங்க?"

அண்ணன் கட்டில் சட்டத்தை நகத்தால் சுரண்டினார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா லாரி உள்ள வர்றதுக்கு முன்னாடி கேட்ல படுத்திருப்போம். தோத்திருப்போம், பரவால்ல. என்னை அந்த வீட்டுப் படியெல்லாம் ஏத்தாம இருந்திருக்கலாமே."

"கட்சி முதல்ல மேரி. கட்சி இருந்தாத்தான் சங்கம்."

வனஜா அண்ணி உள்ளேயிருந்து சொன்னார்: "அவ கேக்கறதுல என்ன தப்புங்க?" அண்ணன் அவரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். இந்தப் பதினைந்து வருஷத்தில் அவர் அண்ணியிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை.

டீ ஆறிப்போனது. குடிக்காமல் வந்துவிட்டேன்.

28 மார்ச், பெரிய வியாழன்

பொதுக்கூட்டம். பெண்கள் சேர்ந்து கேட்டு வாங்கியது. தீர்மானத்தை நான் கொண்டுவந்தேன்: சங்கம் எந்தக் கட்சியோடும் இருக்க வேண்டாம், கேட்டில் இருக்கிற கொடியை இறக்க வேண்டும்.

ஹிந்தியில் ஆரம்பித்துத் தமிழில் போய் மறுபடி ஹிந்திக்கு வந்தேன். "கட்சி நம்மகிட்ட வந்து ஓட்டுக் கேக்கட்டும். நமக்கு என்ன செய்யப்போறேன்னு சொல்லிட்டுக் கேக்கட்டும். பிடிச்சா போடுவோம், பிடிக்கலன்னா மாட்டோம். தாலி கட்டின மாதிரி ஏன் கூடவே போகணும்?"

பிரஸ் ஷாப் விச்சு எழுந்தான். கெட்டவன் இல்லை, 96-ல் என் பக்கத்தில் நின்று அடி வாங்கியவன். "கொடி இல்லாத சங்கத்தை சேட் மதிப்பானா? நாளைக்குப் போலீஸ் தூக்கிட்டுப் போனா யாருக்குப் போன் போடுவே மேரி? உன் வீட்டுக்காரருக்கா?"

ஆண்கள் சிரித்தார்கள். ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி.

கை தூக்கச் சொன்னார்கள். பெண்கள் எல்லாரும் தூக்கினோம். ஆண்களில் சலீமும் இன்னும் சிலரும். போதவில்லை. அவர்கள் வேலை போகவில்லை, அவர்களுக்குக் கொடி வேண்டும். ரவி அண்ணன் மேடையில்தான் இருந்தார். எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை.

மங்கையர்க்கரசி அக்கா எழுந்து வெளியே போனார். என்னைத் தாண்டும்போது, "உன் முகத்துக்காகப் போட்டேன் மேரி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் கோயிலில் பாதம் கழுவும் சடங்கு. சாமியார், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் என்றதும் எனக்கு ரவி அண்ணன் முகம் வந்தது. உடனே மனசு அடித்துக்கொண்டது. அவர் காசு எதுவும் வாங்கலையே. காசு வாங்கியிருந்தா நான் நிம்மதியா வெறுத்திருப்பேன்.

15 ஏப்ரல்

பாதிப் பேர் கம்பெனி கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு, வேலையை விட்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் போடவில்லை. மங்கையர்க்கரசி அக்காவும் போடவில்லையாம். என்னிடம் இன்னும் பேசுவதில்லை.

8 ஆகஸ்ட் 2002, வியாழன்

கசார்வாடிச் சந்துக்குள் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். வயர் முடிச்சுப் போடும் வேலை, காண்ட்ராக்ட். நேற்று மங்கையர்க்கரசி அக்காவும் அங்கேயே வந்து சேர்ந்தார். பேசாமல் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மத்தியானம் டப்பாவைத் திறந்து புளிக்குழம்பைப் பாதி என் தட்டில் ஊற்றினார். அழுதுவிடக் கூடாது என்று வேக வேகமாகச் சாப்பிட்டேன்.

20 நவம்பர் 2003, வியாழன்

சந்தில் இருக்கிற ஒர்க்‌ஷாப் பெண்கள் சேர்ந்து சங்கம் மாதிரி ஒன்று. கொடி இல்லை. இருக்கிறது ஒரு வாடகை அறையும் ஒரு பாயும். முதல் ஜெயம்: கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள். கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் நேற்று எல்லாரும் ஒன்றாக வேலையை நிறுத்தி வெளியே வந்து நின்றோம், மாலைக்குள் ஆசாரி வந்துவிட்டார்.

போலீஸ் வந்து மிரட்டிவிட்டுப் போனது. விச்சு கேட்டது ஞாபகம் வந்தது. யாருக்கும் போன் போடவில்லை. எல்லாரும் சேர்ந்து ஸ்டேஷன் வாசலில் போய் உட்கார்ந்தோம். பயமாகத்தான் இருந்தது.

3 மார்ச் 2005

பிரஸ் ஷாப்பையும் மூடிவிட்டார்கள் என்று சலீம் சொன்னான். சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். இல்லை.

22 ஜனவரி 2007, திங்கள்

மறுபடி நகரசபைத் தேர்தல். சாயங்காலம் எங்கள் சங்க அறைக்கு வெளியே ஒரு ஜீப். ரவி அண்ணன் இறங்கினார். முடி முழுக்க நரைத்துவிட்டது. கழுத்தில் கட்சித் துண்டு. இப்போது சோட்டா சேட் ஆபீசில்தான் இருக்கிறாராம்.

தண்ணீர் கொடுத்தேன். சுவரில் சாய்ந்து நின்றே குடித்தார்.

"உங்க ஆளுங்க இப்ப நிறையப் பேர் ஆயிட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லு மேரி, போதும்" என்றார்.

"நான் சொல்றதில்லைண்ணே. வியாழக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். யாரு வேணா வந்து கேக்கலாம். அசெம்பிளியில வேலை போனவங்க நிறையப் பேர் இருக்காங்க, அவங்க கேள்வி கேப்பாங்க. பதில் சொல்லணும்."

"மத்தவங்களும் நானும் ஒண்ணா உனக்கு?"

என்னென்னவோ சொல்ல வாய் வந்தது. "நாலு மணிண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

25 ஜனவரி, வியாழன்

வேறு இரண்டு கட்சிக்காரர்கள் வந்தார்கள். மங்கையர்க்கரசி அக்கா கேட்ட கேள்வியில் ஒருவருக்கு வேர்த்துவிட்டது. யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

ரவி அண்ணன் வரவில்லை. ஐந்து மணி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கூட்டத்தை முடித்துப் பாயைச் சுருட்டினோம்.